திரையில் என்ன இருக்குப்பா?

ஜூலை 9, 2016, சனி

அம்மா ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கை காந்திமதிக்கு இரண்டாவது பிரசவம். முதலாவது இங்கே நடந்ததால், இரண்டாவதற்கு அம்மாதான் அங்கே வர வேண்டும் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார். இனி ஒன்றரை மாதத்துக்குப் பாளையங்கோட்டையின் இந்த வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். முதல் நாளே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "தீயைக் கூட்டி வச்சுட்டேன் போலலே" என்றார் அப்பா. அம்மா இல்லாத வீட்டில் பால் பொங்காமல் என்ன செய்யும்.

பிரெயில் பலகையில் ஊசியால் குத்தி நாட்குறிப்பு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, வீட்டில் மற்றவர்களுக்கு பிரெயில் தெரியாது. அதனால் இதை யாரும் திருட்டுத்தனமாகப் படிக்க முடியாது. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்.

இன்று மத்தியானம் கூரியரில் புது லேப்டாப் வந்தது. மாப்பிள்ளை, அதாவது காந்திமதியின் கணவர், அனுப்பியது. பழையது போன மாதம் உயிரை விட்டுவிட்டது. பெட்டியைத் திறந்ததும் புது வாசனை. அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்து, "நல்லா வழுவழுன்னு இருக்குலே" என்றார். நான் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

ஜூலை 10, ஞாயிறு

எதற்காக இவ்வளவு பாடு என்று பின்னால் எனக்கே மறந்துபோகும், எழுதிவைக்கிறேன்.

முப்பத்து மூன்று வயது, எம்.ஏ. தமிழ். பதினோரு மாதமாக வேலை இல்லை. ஒரு கம்பெனியின் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தேன். கம்பெனியில் எல்லோர் கையிலும் கைபேசி வந்ததும் இணைப்பகத்துக்கு வேலை இல்லாமல் போனது, எனக்கும்தான். இப்போது சென்னையில் 'செவிநூல்' என்ற அமைப்பு பார்வையற்றவர்களுக்காகத் தமிழ்ப் புத்தகங்களைக் கணினிக்கு மாற்றுகிறது. மெய்ப்புத் திருத்த ஆள் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். தேர்வு இதுதான்: ஸ்கேன் செய்த நாற்பது பக்கங்களில் இருக்கும் பிழைகளைத் திருத்தி ஜூலை 30 மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் பரிசீலிக்க மாட்டார்களாம். என்னைப் போன்றவனுக்கு இப்படி ஒரு வேலை இன்னொரு முறை வராது.

அவர்களுடைய திருத்தும் மென்பொருள் லினக்ஸில்தான் ஓடும். புது லேப்டாப்பில் இருப்பதோ விண்டோஸ். என் பள்ளித் தோழன் பர்னபாஸ் சென்னையில் இந்த வேலைகளில் கைதேர்ந்தவன், அவனுக்கும் பார்வை இல்லை. லினக்ஸை நிறுவ ஒரு பென்டிரைவ் தயாரித்து அனுப்பியிருக்கிறான். செருகி ஆன் செய்தால் அதுவே பேசத் தொடங்கும், அது சொல்லச் சொல்ல நாமே நிறுவிக்கொள்ளலாம் என்றான்.

செருகினேன். ஆன் செய்தேன். விண்டோஸின் பெண்குரல் ஆங்கிலத்தில் வரவேற்றது. ஏழு தடவை செய்தேன், ஏழு தடவையும் வரவேற்றாள். நல்ல மரியாதை தெரிந்த பெண்.

ஜூலை 11, திங்கள்

பர்னபாஸிடம் அரை மணி நேரம் பேசினேன். புது லேப்டாப்புகளில் செக்யூர் பூட் என்று ஒரு காவல்காரன் உண்டாம். கூடவே வந்த விண்டோஸைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டான். ஆன் செய்தவுடன் எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற அமைப்புத் திரை வரும். அதற்குள் போய் அவனை நிறுத்த வேண்டும்.

"அந்தத் திரை பேசாதுலே" என்றான் பர்னபாஸ். "எந்த மென்பொருளும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி வார திரை அது. கண்ணு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்து படிச்சுச் சொல்லணும். இருக்காங்கல்லா?"

"அப்பா இருக்காங்க" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி நான் தைரியமாகத்தான் சொல்வேன். ரயில்வே தபால் பிரிவில் முப்பத்தைந்து வருடம் கடிதம் பிரித்தவர். ஓடும் ரயிலில் நின்றுகொண்டு மனிதர்கள் கிறுக்கிய விலாசங்களைப் படித்து ஊருக்கு ஒன்றான தபால் மாடங்களில் எறிந்தவர். நான் பி.ஏ., எம்.ஏ. படித்தது அவர் தொண்டையில்தான். பாடப் புத்தகம் அத்தனையையும் வாசித்து கேசட்டில் பதிந்து கொடுத்தார். அடிக்குறிப்பைக்கூட விட்டதில்லை.

ஜூலை 12, செவ்வாய்

முதல் முயற்சி. காலையில் முற்றத்தில் வைத்துச் செய்தோம். உள்ளே வெளிச்சம் பற்றவில்லை என்றார் அப்பா. முற்றத்தில் வெளிச்சம் அதிகமாகிப் பளபளக்கிறது என்றார். மறுபடி உள்ளே.

எஃப் 2 தட்டினேன். விண்டோஸ்காரி பேசவில்லை. உள்ளே வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

"திரையில என்ன இருக்குப்பா?"

"நிறைய இருக்கு."

"மேல வரிசையா மெனு இருக்கணுமே. மெயின், செக்யூரிட்டி, பூட்னு இருக்கா?"

"ஆமா. இருக்கு. அப்படித்தான் இருக்கு."

"பூட்டுக்குள்ள செக்யூர் பூட்னு இருக்கும் பாருங்க. எதுக்க டிஸேபிள்டுன்னு மாறிட்டா?"

 அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது, அவ்வளவு பக்கத்தில் குனிந்திருந்தார். "மாறிட்டுலே. டிஸேபிள்டு."

எஃப் 10 தட்டிச் சேமித்து வெளியே வந்தோம். பென்டிரைவ் செருகியே இருந்தது. காத்திருந்தோம். விண்டோஸ்காரி வணக்கம் சொன்னாள்.

ஜூலை 13, புதன்

மூன்று தடவை. அதே கதை. செக்யூர் பூட் டிஸேபிள்டு என்று அப்பா மூன்று தடவையும் படித்தார். பர்னபாஸுக்குப் புரியவில்லை. "டிஸேபிள்டா இருந்தா பேசணுமேலே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இன்னொரு பென்டிரைவ் கூரியரில் அனுப்புகிறானாம்.

இன்று முதல் எந்த விசையை எத்தனை தடவை தட்டினேன் என்று வரிசையாக இதில் குத்திவைக்கிறேன். எங்கே தப்பு என்று பிறகு தடவிப் பார்க்கலாம்.

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. அப்பா சமையலுக்குப் பழகவில்லை. மோர் ஊற்றிச் சமாளித்தோம்.

ஜூலை 14, வியாழன்

எதிர்வீட்டு எஸ்தர் டீச்சரை ஒரு பத்து நிமிடம் கூப்பிடலாமா என்று கேட்டேன். பள்ளியில் கணினிப் பாடமே அவர்தான் எடுக்கிறார்.

அப்பாவின் குரல் உயர்ந்தது. "எதுக்கு? நம்ம வீட்டு விசயத்துக்கு ஊராளு எதுக்கு? நான் செத்தா போனேன்?"

"அதுக்கில்லப்பா, அவங்களுக்குக் கணினி பழக்கம்..."

"முப்பத்தஞ்சு வருசம் ராத்திரி வண்டியில மங்கல் பல்பு வெளிச்சத்துல படிச்சவன்லே நான். டாக்டர் கையெழுத்தையே படிச்சிருக்கேன். இந்த அச்செழுத்தா எனக்குப் பெருசு?"

வாயை மூடிக்கொண்டேன். படிப்பது அவர் ராஜ்ஜியம். அதில் இன்னொருவரைக் கூப்பிட்டது என் தப்பு.

இப்போதெல்லாம் காலையில் பேப்பர் வாசித்துக் காட்டுவதும் இல்லை. "பூரா விளம்பரம்தான், செய்தி எங்க இருக்கு" என்கிறார். டி.வி. செய்தியோடு சரி. வயதானால் மனிதர்கள் சோம்பேறி ஆகிவிடுகிறார்கள்.

ஜூலை 15, வெள்ளி

சாரல். துணி காயவில்லை. அம்மாவுக்குப் போன் போட அப்பா என்னைக் கூப்பிட்டு எண்ணை அழுத்தச் சொன்னார். பிறகு அவரே முயன்றார். ஐந்தின் மேல் இருக்கும் புள்ளியை விரலால் தேடி, அதிலிருந்து எண்ணி அழுத்துகிறார். என் பழக்கம் அவருக்கும் தொற்றிவிட்டது.

ஜூலை 16, சனி

புதுப் பென்டிரைவ் வந்தது. நம்பிக்கையோடு உட்கார்ந்தோம்.

விசைக் கணக்கு: எஃப் 2. வலப்பக்க அம்பு இரண்டு. "பூட் வந்துட்டாப்பா?" "வந்துட்டுலே." கீழ் அம்பு ஒன்று. எண்டர்.

"எல! வெள்ளையா ஒரு பெட்டி வந்திருக்கு!" அப்பா குரலில் நாலு நாளாகக் கேட்காத சந்தோஷம்.

"இன்ஸ்டாலரா இருக்குமோ? என்னமும் கேக்குதா?"

"ஆமா. அதுதான். கேக்கு."

பர்னபாஸ் சொல்லியிருந்தான்: இதுவும் தானாகப் பேசாவிட்டால், லினக்ஸை நிறுவும் இன்ஸ்டாலர் மெனு வந்ததும் எஸ் என்ற எழுத்தைத் தட்டி எண்டர் அழுத்து, பேசத் தொடங்கும். எஸ், எண்டர். பேசவில்லை. மறுபடியும் எஸ், எண்டர். பேசவில்லை. எஃப் 10, எண்டர். மறுபடி ஆன் ஆகும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. லினக்ஸும் இல்லை, விண்டோஸ்காரியும் இல்லை. அணைத்து ஆன் செய்தால் விசிறிச் சத்தம் மட்டும்.

"திரையில என்ன இருக்குப்பா?"

"கறுப்பாத்தான் இருக்கு."

"எழுத்து ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. கறுப்பா இருக்கு."

இருந்த விண்டோஸும் போய்விட்டது. இன்னும் பதினான்கு நாள்.

ஜூலை 17, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

காலையிலிருந்து பதினைந்து தடவை ஆன் செய்து அணைத்தோம். ஒவ்வொரு தடவையும் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் கறுப்பு என்றார். பர்னபாஸ் போனில் அவரிடமே பேசினான். "ஐயா, ஒரு சின்ன எழுத்துகூட இல்லையா, மூலையில ஏதாவது இருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றான். அப்பா, "நல்லாத்தான் பாக்கேன்" என்று சொல்லி போனை என் கையில் திணித்தார்.

எனக்கு எங்கிருந்தோ வந்தது. "இங்கிலீஷ் மறந்துட்டுன்னா சொல்லித் தொலைங்கப்பா. சும்மா ஆமா ஆமான்னு மண்டையை ஆட்டாதீங்க. என் வாழ்க்கைப்பா இது" என்று கத்திவிட்டேன். அவர் மண்டையை ஆட்டினாரா என்று எனக்கு எப்படித் தெரியும். சொல்லிவிட்டேன்.

 அவர் எழுந்து போகும்போது வாளியில் இடித்துத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கோபத்தில் நடக்கிறார் என்று நினைத்தேன்.

ஜூலை 18, திங்கள்

அப்பா பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூலை 20, புதன்

காந்திமதிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். அம்மா போனில் அழுதாள், அப்பா சிரித்தார், அந்தச் சாக்கில் எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது. புகைப்படம் அனுப்பியிருப்பதாக அம்மா சொன்னாள். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியே உங்கம்மா சாடை" என்றார்.

சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "அதைக் கடைக்குக் கொண்டு போவோம்லே. பெட்டியிலயே ஏதோ கோளாறு."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பெட்டி கோளாறுதான். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தேன், அது தட்டுக்கு வெளியே விழுந்தது.

ஜூலை 22, வெள்ளி

நெல்லை ஜங்ஷனில் ஒரு லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. பஸ் ஸ்டாப்பில் வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸையும், "ஜங்ஷன் போவுமாய்யா?" என்று அப்பா யாரிடமாவது கேட்டார். ஐந்தாவது பஸ்ஸில் ஏறினோம். எனக்கு எரிச்சலாக இருந்தது. முன்னால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏற வேண்டியதுதானே.

கடையில் செய்யது என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும். பெட்டியை வாங்கி ஆன் செய்தார்.

"என்ன கம்ப்ளைண்ட் அண்ணாச்சி?"

"ஆன் ஆகுது. ஆனா திரை கறுப்பாவே இருக்கு."

"கறுப்பா இல்லையே. பாஸ்வேர்டு கேக்கு."

அவர் தப்பாகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். "எழுத்து ஒண்ணும் இல்லைன்னு அப்பா சொன்னாங்களே."

"நட்டநடுவுல சாம்பல் கலர்ல பெட்டி போட்டு, பெரிய எழுத்துல கேக்கு அண்ணாச்சி. ஐயா, இந்தா பாருங்க, இது தெரியலையா உங்களுக்கு?"

அப்பா தொண்டையைச் செருமினார். "கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன் தம்பி" என்றார். பிறகு, "தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லி வெளியே போனார். வாசற்படியில் அவர் செருப்பு தடுக்கியது எனக்குக் கேட்டது.

செய்யது என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. ஐயா கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

  செய்யது பாஸ்வேர்டு என்ன வைத்தீர்கள் என்று கேட்டார், அப்படி எதுவும் வைக்கவே இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்குப் பதினாறாம் தேதி ஞாபகம் வந்தது. எஸ், எண்டர், மறுபடி எஸ், எண்டர். புது பாஸ்வேர்டு கொடு என்று கேட்டிருக்கிறது, கொடுத்திருக்கிறேன். உறுதி செய் என்று கேட்டிருக்கிறது, அதையும் செய்திருக்கிறேன். நடுவில் வேறொரு மெனுவும் இருந்திருக்க வேண்டும், பூட் பக்கம் என்று நாங்கள் நின்றது செக்யூரிட்டி பக்கம்.

"எஸ்னு ஒரே ஒரு எழுத்து போட்டுப் பாருங்க" என்றேன். திறந்துகொண்டது.

"செக்யூர் பூட் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எனேபிள்டுன்னு இருக்கு. யாரும் தொட்டதா தெரியலையே."

அவர் அதை நிறுத்தினார். பென்டிரைவைச் செருகினார். இரண்டு நிமிடத்தில் ஓர் இயந்திரக் குரல், மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. இதற்காகத்தான் பத்து நாளாகத் தவம் கிடந்தேன். வந்தபோது எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. வாசலில் அப்பா யாரிடமோ, "தம்பி, தண்ணி பாட்டில் எங்க விக்காங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 23, சனி

லினக்ஸ் நிறுவியாயிற்று. தமிழ்க் குரல் பேசுகிறது. செவிநூல் அனுப்பிய நாற்பது பக்கத்தையும் இறக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஆறு பக்கம் என்றால் முடித்துவிடலாம். இன்று முடித்தது ஒன்றரை.

குரல் ஏதோ பேசிக்கொண்டே இருக்கிறது. நான் சமையலறையில் அப்பா எதை எடுக்கிறார், எங்கே வைக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். டப்பாவைத் திறக்கிறார், முகர்ந்து பார்க்கிறார், மூடுகிறார். அடுத்த டப்பா.

ஜூலை 24, ஞாயிறு

ஒரு கேவலமான காரியம் செய்தேன். பேப்பரை எடுத்து அப்பா கையில் கொடுத்து, "முதல் பக்கச் செய்தி மட்டும் வாசிங்கப்பா" என்றேன். தாளை விரித்தார். தொண்டையைச் செருமினார். கணீரென்று வாசித்தார். அணையில் நீர்மட்டம், அமைச்சர் வருகை, குற்றாலத்தில் கூட்டம். ஏழு மணிக்கு டி.வி.யில் வந்த அதே வரிசை. அதே வார்த்தைகள்.

"போதும்ப்பா" என்றேன். "இன்னும் ஒண்ணு இருக்குலே" என்று விளையாட்டுச் செய்தியையும் வாசித்தார்.

ஜூலை 26, செவ்வாய்

பர்னபாஸிடம் சொன்னேன்.  "எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான்லே இருந்துச்சு. கண்ணுல அழுத்தம். போனது திரும்ப வராது. ஆனா மருந்து விட்டா இருக்கிறதைப் பிடிச்சு வைக்கலாமாம். ஒவ்வொரு நாளும் போயிக்கிட்டே இருக்கும். கேட்டியா? தள்ளிப் போடாத" என்றான்.

கேட்டேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பதினைந்து பக்கம் ஆகியிருக்கிறது.

ஜூலை 28, வியாழன்

இருபத்திரண்டு பக்கம். அப்பாவிடம் இன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நல்ல நல்ல காரணமாகக் கிடைக்கிறது: அம்மா வரட்டும், தேர்வு முடியட்டும், அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்.

ஜூலை 29, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன்.

"எப்பா, அன்னைக்குக் கடையில கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருந்துச்சாம்."

கண்ணாடியைக் கழற்றி மடக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பையன் சொன்னானா?"

"ஆமா."

"ம்."

"எப்பயில இருந்துப்பா?"

"இடது கண்ணு காந்திமதி கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டு. வலது கண்ணுல நடுவுல மட்டும் தெரிஞ்சுது, சாவித் துவாரத்துல பாக்க மாதிரி. இந்த ஒரு வருசமா அதுவும் பொகையா இருக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்குக் கண்ணு இல்லைன்னா அவ எப்படிலே தாங்குவா?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"உங்கிட்ட எப்படிலே சொல்ல? நீ பொறந்ததுல இருந்து உனக்குப் படிச்சுக் காட்டத்தான் இருக்கேன். அதுவும் இல்லைன்னா நான் எதுக்கு?"

உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. இதைப் பன்னிரண்டாம் தேதியே சொல்லியிருந்தால் எஸ்தர் டீச்சரைக் கூப்பிட்டிருப்பேன், பத்து நாள் மிச்சமாகியிருக்கும், இந்நேரம் நாற்பது பக்கமும் முடிந்திருக்கும் என்ற கோபம்தான் வந்தது. வாய்வரை வந்தது. அவரே பேசினார்.

"நீ கேக்கும்போதே பதிலையும் சேத்துக் கேட்ட. டிஸேபிள்டா, டிஸேபிள்டான்னு. ஆமான்னா உனக்குச் சந்தோசமா இருந்துச்சு. எழுத்து தெரியலைலே எனக்கு. உன் குரல்தான் தெரிஞ்சுது."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா."

"நாளைக்குத்தானே உனக்குக் கடைசி நாளு?"

"அது முடிஞ்சுட்டுப்பா."

"அப்ப சரி" என்றார்.

திங்கட்கிழமை போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் திங்கட்கிழமைக்குள் மனம் மாறிவிடுவார். எனக்கு அவரைத் தெரியும். அதோடு பர்னபாஸ் சொன்னது காதிலேயே நிற்கிறது.

ஜூலை 30, சனி

விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தும் முப்பத்தொரு பக்கம்தான் முடிந்தது. ஏழு மணிக்கு அதை அப்படியே அனுப்பினேன். வீட்டில் மருத்துவ அவசரம், மீதி ஒன்பது பக்கத்துக்கு இரண்டு நாள் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினேன்.

எஸ்தர் டீச்சர் எங்கள் இருவரையும் ஆட்டோவில் கூட்டிப் போனார். ஒரு கையில் நான், ஒரு கையில் அப்பா. 

ஆஸ்பத்திரியில் கூட்டம். பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு பெண், "ஐயா, எதுக்க பலகையில எழுத்து இருக்கு பாருங்க. மேல இருந்து படிச்சுக்கிட்டே வாங்க" என்றார். அப்பா தொண்டையைச் செருமினார்.  வாசிக்கத் தொடங்குமுன் எப்போதும் அப்படித்தான் செருமுவார். எதையாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"தெரியலைம்மா" என்றார்.

"மேல பெருசா ஒரே ஒரு எழுத்து இருக்கே, அது?"

"பலகையே தெரியலைம்மா."

வெளியாள் முன்னால் அப்பா வாயிலிருந்து நான் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. வெளியே வந்து சுவரோரமாக நின்று அழுதேன். டீச்சர் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இடது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். வலது கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தைக் காப்பாற்ற வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். எழுத்து படிக்க முடியாது, நடமாடலாம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கினார், பிறகு நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

வீடு திரும்பும்போது மணி ஐந்தரை. சொட்டு மருந்தை விடுவது யார் என்ற கேள்வி ஆட்டோவில் வந்தது. நான் விடுகிறேன் என்றேன். இமையை விரலால் தொட்டுப் பிடித்து விட்டால் தப்பாது. சாயந்திரம் விட்டேன். இரண்டு சொட்டு கன்னத்தில் போனது, மூன்றாவது சரியாக விழுந்தது.

ஆகஸ்ட் 1, திங்கள்

அம்மாவிடம் அப்பாவே போனில் சொல்லிவிட்டார். அம்மா, "அதான் போன வருசத்துல இருந்து எனக்குப் பூ வாங்கிட்டு வரும்போது பூ வாடியிருக்கா, புதுசான்னு பாக்காம வாங்கினீங்களா" என்றாளாம். குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் வந்துவிடுவாள்.

பத்து மணிக்கு செவிநூலில் இருந்து மின்னஞ்சல். இயர்போனை மாட்டிக்கொண்டதும் லேப்டாப் அதை என் காதில் மூன்று வரியாகப் படித்தது. தங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. தேர்வுப் பக்கங்கள் முழுமையாக வராததால் பரிசீலிக்க இயலவில்லை. வருந்துகிறோம்.

இன்னொரு தடவை கேட்டேன். அதே மூன்று வரி.

"ஏதோ வந்திருக்கு போலலே. டிங்குன்னுச்சே" என்றார் அப்பா, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அவங்கதானா?"

"ஆமாப்பா."

"என்ன போட்டிருக்காங்க? வாசி."

இயர்போனைக் கழற்றிவிட்டுத் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதற்கு அப்படித் திருப்பினேன் என்று தெரியவில்லை, இருவரில் யாருக்கும் அது தேவையில்லை. வாசித்தேன். அன்புள்ள கோமதிநாயகம் அவர்களுக்கு. தாங்கள் அனுப்பிய நாற்பது பக்கங்களும் கிடைத்தன. பிழைகளை மிகக் கவனமாகத் திருத்தியிருக்கிறீர்கள். இவ்வளவு நல்ல தமிழை யாரிடம் கற்றீர்கள் என்று எங்கள் ஆசிரியர் குழு வியந்தது. இடம் காலியானதும் தங்களையே முதலில் அழைப்போம்.

 அப்பா மூக்கை உறிஞ்சினார். என் முதுகில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"இன்னொரு தடவை வாசிலே" என்றார். "அந்த ஆசிரியர் குழு இடத்துல இருந்து."

முதலில் என்ன வார்த்தை சொன்னேன் என்று எனக்கு நிச்சயமாக ஞாபகம் இல்லை. மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.